அதிகாரம் ஓரிடம், பொறுப்பு ஓரிடம்: அமெரிக்காவில் ‘அரசின் அத்துமீறல்’ என்பது என்ன?

அமெரிக்கச் செய்திகளைப் படிப்பவர்களுக்கு ஒரு குழப்பம் திரும்பத் திரும்ப வரும். ஒரு கட்சிக்காரர், அரசாங்கம் எங்கள் வாழ்க்கையில் மூக்கை நுழைக்கக் கூடாது என்கிறார். அடுத்த வாரமே போலீசுக்கு இன்னும் அதிகாரம் கொடுங்கள் என்கிறார். எதிர்த் தரப்பில் இருப்பவர் போலீசின் அத்துமீறலைக் கண்டிக்கிறார். அவரே இன்னொரு துறைக்குப் புதிய விதிகளும் புதிய ஆய்வாளர்களும் வேண்டும் என்கிறார். இதற்கு நடுவே மூன்றாவது குரல் ஒன்று: ‘தனிமனிதப் பொறுப்பு ஒழிந்துவிட்டது, நாடு சீரழிகிறது.’

இதைக் கட்சிகளின் பேச்சை வைத்துப் புரிந்துகொள்ள முடியாது. நீதிமன்ற வழக்குகளையும் அரசின் சொந்த அறிக்கைகளையும் வைத்துப் பார்த்தால் விளங்கும். அவற்றை வரிசையாகப் பார்க்கும்போது எனக்குத் தெரிவது இதுதான்: அரசு பெரிதா சிறிதா என்ற சண்டைக்கு அடியில் வேறொன்று இருக்கிறது. முடிவெடுக்கும் அதிகாரம் ஒருவரிடம் இருக்கிறது, அந்த முடிவு தவறினால் சுமக்க வேண்டிய பொறுப்பு வேறொருவர் தலையில் விழுகிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று நம் ஊரில் சொல்வார்களே, அதுதான் அங்கே சட்டமாகவும் நடைமுறையாகவும் ஆகியிருக்கிறது.

## முதலில் மூன்று சொற்கள்

1. அரசின் அத்துமீறல். அரசு கடுமையாக நடந்துகொள்வதெல்லாம் அத்துமீறல் ஆகாது. வரி வசூலிப்பதும் குற்றவாளியைக் கைது செய்வதும் அரசின் வேலை. அரசியல் சாசனமோ சட்டமோ போட்ட எல்லையைத் தாண்டும்போதும், எல்லைக்கோட்டையே தனக்கு வசதியாக நகர்த்தி வைக்கும்போதும்தான் அது அத்துமீறல். இரண்டாவது வகைதான் அமெரிக்காவில் அதிகம். அதனால்தான் பல சம்பவங்கள் சட்டப்படி சரியாகவும், பார்ப்பவர்களுக்கு அநியாயமாகவும் ஒரே நேரத்தில் தெரிகின்றன.

2. தனிமனிதப் பொறுப்பு. தன் செயலின் விளைவைத் தானே ஏற்றுக்கொள்வது. இதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு: முடிவெடுக்கும் உரிமையும் அவரிடமே இருக்க வேண்டும். உரிமையைப் பிடுங்கிக்கொண்டு பொறுப்பை மட்டும் கேட்க முடியாது.

3. ‘அரசு’ என்றால் எந்த அரசு? நமக்கு வாஷிங்டன்தான் நினைவுக்கு வரும். ஆனால் அமெரிக்காவில் மத்திய அரசும் 50 மாநில அரசுகளும் போக, கவுன்டி (நம் மாவட்டம் போன்றது), நகராட்சி, பள்ளி வட்டாரம் என்று சுமார் 90,000 உள்ளாட்சி அமைப்புகள் இருக்கின்றன. சொத்துவரி, போலீஸ், கட்டட அனுமதி, சிறு வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றம் எல்லாம் பெரும்பாலும் இவற்றின் கையில். ஒரு சாதாரண அமெரிக்கரின் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும் அரசு பெரும்பாலும் இந்த உள்ளூர் அரசுதான்.

## நியூ லண்டன்: வீடு போனது, வேலையும் வரவில்லை

கனெக்டிகட் மாநிலத்தில் தேம்ஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது நியூ லண்டன் நகரம். 1996-இல் அங்கிருந்த கடற்படை ஆய்வு மையம் மூடப்பட்டது. 1,500 பேருக்கு மேல் வேலை பார்த்த இடம் அது. மக்கள்தொகை 24,000-க்கும் கீழே இறங்கியது, வேலையின்மை மாநிலச் சராசரியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நகராட்சி பதறியதில் வியப்பில்லை.

1998-இல் ஃபைசர் மருந்து நிறுவனம் அங்கே 30 கோடி டாலரில் ஆராய்ச்சி மையம் கட்டுவதாக அறிவித்தது. அதை ஒட்டியிருந்த ஃபோர்ட் டிரம்புல் பகுதியில் 90 ஏக்கரை எடுத்து ஹோட்டல், படகுத்துறை, அலுவலகங்கள், புதிய குடியிருப்புகள் கட்ட நகராட்சி திட்டமிட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்ட வேலைகள் வரும், வரி வருமானம் கூடும் என்பது கணக்கு. நிலம் வாங்கும் அதிகாரம் ஒரு தனியார் லாப நோக்கற்ற வளர்ச்சிக் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அங்கிருந்த தனியார் சொத்துகள் சுமார் 115. பெரும்பாலோர் விற்றுவிட்டார்கள். 15 சொத்துகளின் உரிமையாளர்களான ஒன்பது பேர் மறுத்தார்கள். அவர்களில் ஒரு மூதாட்டி 1918-இல் அதே வீட்டில் பிறந்து, வாழ்நாள் முழுவதும் அங்கேயே இருந்தவர். இந்த வீடுகள் பாழடைந்தவை என்றோ ஊருக்கு இடைஞ்சல் என்றோ யாரும் சொல்லவில்லை. திட்ட வரைபடத்துக்குள் அவை இருந்தன, அவ்வளவுதான்.

அமெரிக்க அரசியல் சாசனத்தின் ஐந்தாவது திருத்தம், தனியார் சொத்தைப் ‘பொதுப் பயனுக்காக’ மட்டுமே, அதுவும் நியாயமான இழப்பீடு கொடுத்துத்தான் எடுக்கலாம் என்கிறது. சாலை, பள்ளிக்கூடம், அணைக்கட்டு என்றால் பிரச்சினையில்லை. ஒருவர் வீட்டை எடுத்து இன்னொரு தனியாரிடம் கொடுத்து, அதனால் வரி கூடினால் அதுவும் பொதுப் பயனா? 2005 ஜூன் 23 அன்று உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் ‘ஆம்’ என்றது. நீதிபதி சாண்ட்ரா டே ஓ’கானர் மாறுபட்ட தீர்ப்பில் எழுதியதன் சாரம்: இனி எந்தச் சாதாரண விடுதியையும் இடித்து நட்சத்திர ஹோட்டல் கட்டலாம், எந்த வீட்டையும் வணிக வளாகமாக்கலாம், எந்தப் பண்ணையையும் தொழிற்சாலையாக்கலாம், தடுக்க ஆளில்லை.

பிறகு நடந்ததுதான் இந்த வழக்கின் உண்மையான பாடம். வீடுகள் போயின. வழக்கின் அடையாளமாகிவிட்ட சிறிய இளஞ்சிவப்பு வீடு மட்டும் பிரித்தெடுக்கப்பட்டு ஊரின் வேறொரு தெருவுக்குக் கொண்டுபோகப்பட்டது. கட்டுமான நிறுவனத்துக்குப் பணம் திரளவில்லை. 2009 நவம்பரில் ஃபைசர், நியூ லண்டனை விட்டு ஆற்றுக்கு அக்கரையில் உள்ள கிராட்டனுக்குப் போவதாக அறிவித்தது. நிலம் ஆண்டுக்கணக்கில் புல் மண்டிக் கிடந்தது, தெருப்பூனைகள் குடியேறின. 2011-இல் ஐரீன் புயலுக்குப் பின் முறிந்த மரங்களையும் குப்பையையும் கொட்டும் இடமாக நகராட்சி அதைப் பயன்படுத்தியது.

கணக்குப் போட்ட அதிகாரிகள், கையெழுத்துப் போட்ட உறுப்பினர்கள், நிலம் எடுத்த கழகத்தினர் ஆகியோரில் யார் சொந்தமாக என்ன இழந்தார்கள்? யாரும் எதையும் இழக்கவில்லை. கணக்கு தப்பினால் விலை கொடுக்க வேண்டிய ஒரே தரப்பு, அந்தக் கணக்கைப் போடாத தரப்பு. இந்த அமைப்பில் அதிகாரி கவனமாக இருக்க எந்தக் கட்டாயமும் இல்லை.

இது முதல் முறையும் அல்ல. 1981-இல் டெட்ராய்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலைக்காக போல்டவுன் என்ற குடியிருப்பே அகற்றப்பட்டு, நாலாயிரம் பேருக்கு மேல் இடம்பெயர்ந்தார்கள். அதை அனுமதித்த மிச்சிகன் உச்ச நீதிமன்றம் 2004-இல் தன் தீர்ப்பு தவறு என்று தானே சொன்னது. இருபத்துமூன்று ஆண்டுகள் கழித்து, அங்கே வீடு எதுவும் மிச்சமில்லாதபோது.

## பணத்தின் மீது வழக்கு

அமெரிக்க வழக்குகளின் பெயர்களைப் பார்த்தால் ஒரு விசித்திரம் கண்ணில் படும். ‘அமெரிக்கா எதிர் 1,24,700 டாலர் ரொக்கம்’ என்று ஒரு வழக்கு உண்மையிலேயே இருக்கிறது. எதிராளி மனிதர் அல்ல, பணம்.

இதற்குப் பெயர் சிவில் பறிமுதல். பழைய கடல் சட்டத்திலிருந்து வந்த யோசனை. கடற்கொள்ளைக் கப்பலின் முதலாளி எங்கோ வெளிநாட்டில் இருப்பான், அவனைப் பிடிக்க முடியாது. அதனால் கப்பல் மீதே வழக்குப் போட்டு அதைப் பறிமுதல் செய்தார்கள். அன்றைக்கு அதில் ஒரு நியாயம் இருந்தது. இன்று சொத்தின் சொந்தக்காரர் போலீஸ்காரரின் கண் முன்னாலேயே நிற்கிறார். ஆனாலும் வழக்கு அவர் மீது இல்லை, அவர் காரின் மீது.

இந்தச் சின்ன மாற்றத்தால் என்னவெல்லாம் நடக்கிறது?

1. வழக்குப் பொருளின் மீது என்பதால், உரிமையாளர் குற்றவாளி என்று நிரூபிக்கத் தேவையில்லை. அவர் மீது குற்றச்சாட்டே பதிவாகாமல்கூடப் பணம் போய்விடலாம்.

2. இது குற்ற வழக்கு இல்லை என்பதால், ‘சந்தேகத்துக்கு இடமின்றி’ என்ற கடுமையான அளவுகோல் கிடையாது. பொதுவாக அரசு வக்கீல் வைத்துக் கொடுப்பதும் கிடையாது. எடுக்கப்பட்ட தொகை சில ஆயிரம் டாலர் என்றால், வழக்கு நடத்தும் செலவு அதைத் தாண்டிவிடும். பலர் தலைவிதி என்று விட்டுவிடுகிறார்கள்.

3. 1984-ஆம் ஆண்டுச் சட்டம், பறிமுதல் பணம் போய்ச் சேர ஒரு தனி நிதியை உருவாக்கி, அதைப் பிடித்த துறைகளே பயன்படுத்த வழி செய்தது. மத்திய அரசோடு சேர்ந்து பிடித்தால் உள்ளூர் போலீசுக்கு 80 சதவீதம் வரை பங்கு கிடைக்கும்.

மூன்றாவதுதான் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. போலீஸ் நிலையத்தின் பட்ஜெட்டே வழியில் போகிறவரின் பையைச் சார்ந்திருக்கும்போது, வேலிக்குப் பயிர் மீது ஆசை வராமல் இருக்குமா?

1996-இல் மிச்சிகனைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அவரும் கணவரும் சேர்ந்து 600 டாலருக்கு வாங்கிய பழைய பான்டியாக் கார். கணவர் அந்தக் காரில் ஒரு பாலியல் தொழிலாளியுடன் இருந்தபோது பிடிபட்டார். காரை அரசு எடுத்துக்கொண்டது. காரில் பாதி என்னுடையது, எனக்கு எதுவுமே தெரியாது என்றார் மனைவி. நீதிமன்றம் 5-க்கு 4 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கணவர் செய்த துரோகத்துக்கு ஆளான பெண், அரசிடமும் காரைப் பறிகொடுத்தார். தனிமனிதப் பொறுப்பு என்ற கொள்கையை இதைவிட வெளிப்படையாக மீற முடியாது. ஒருவர் செயலுக்கு இன்னொருவர் பொறுப்பாக்கப்பட்டார்.

2019-இல் சற்றுத் திருப்பம். இண்டியானாவில் ஒருவர் சில நூறு டாலருக்கு ஹெராயின் விற்றுப் பிடிபட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்தக் குற்றத்துக்கு விதிக்கக்கூடிய அதிகபட்ச அபராதம் 10,000 டாலர். அரசு எடுத்துக்கொண்டதோ அவருடைய 42,000 டாலர் லேண்ட் ரோவர் வண்டியை. தந்தை இறந்தபின் வந்த காப்பீட்டுப் பணத்தில் வாங்கியது அது. மிகையான அபராதம் கூடாது என்ற எட்டாவது திருத்தம் மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. அதன் பிறகும் இழுபறி நடந்து, பறித்து ஏழு ஆண்டுகள் கழித்தே வண்டி திரும்பக் கிடைத்தது.

## ஃபெர்குசன்: ஒரு பார்க்கிங் அபராதத்தின் கதை

மிசூரி மாநிலத்தின் ஃபெர்குசன், 21,000 பேர் வாழும் ஊர். 2014-இல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஓர் இளைஞர் இறந்ததை அடுத்து ஊரே கொந்தளித்தது. மத்திய நீதித் துறை விசாரணை நடத்தி, 2015 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. அமெரிக்காவில் உள்ளூர் அரசு எப்படி இயங்குகிறது என்பதை அறிய விரும்புவோருக்கு அதைவிடத் தெளிவான ஆவணம் கிடைப்பது அரிது.

நகராட்சியின் 2015 பட்ஜெட்டில் பொது நிதி வருமானம் 1.326 கோடி டாலர். அதில் அபராதமும் கட்டணமும் மட்டும் 30.9 லட்சம் டாலர் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். அதாவது மக்கள் இத்தனை தவறு செய்தாக வேண்டும் என்று ஊர் திட்டமிட்டிருந்தது. 2010-இலேயே நகராட்சி நிதி அதிகாரி போலீஸ் தலைவருக்கு, அபராதச் சீட்டு எழுதுவது கூடாவிட்டால் அடுத்த ஆண்டு வசூலை உயர்த்துவது கடினம் என்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். வீட்டு முற்றத்தில் புல் வளர்ந்தால் அபராதம், சாலையில் ‘நடந்த விதம்’ சரியில்லை என்றால் அபராதம். 2014 டிசம்பரில் 16,000-க்கும் மேற்பட்டவர்கள் மீது பிடியாணை நிலுவையில் இருந்தது. வெளியூர்க்காரர்களும் இதில் சேர்த்தி.

அறிக்கையில் வரும் ஒரு பெண்ணின் கணக்கு இது. 2007-இல் ஒருமுறை காரைத் தவறான இடத்தில் நிறுத்தினார். இரண்டு சீட்டுகள், 151 டாலர் அபராதம், அதற்கு மேல் கட்டணங்கள். அவருக்குப் பணக் கஷ்டம். சில காலம் தங்க வீடும் இல்லை. தவணை தவறியது, நீதிமன்றத் தேதி தவறியது. ஒவ்வொரு தவறுதலுக்கும் புதிய குற்றச்சாட்டு, புதிய அபராதம், புதிய பிடியாணை. இப்படி ஏழு. இரண்டு முறை கைதாகி ஆறு நாள் சிறையில் இருந்தார். ஒருமுறை 25 டாலரும் இன்னொருமுறை 50 டாலரும் கட்டப் பார்த்தார். முழுத் தொகை கட்டினால்தான் ஏற்போம் என்று நீதிமன்றம் அந்தப் பணத்தைத் திருப்பி அனுப்பியது. ஏழு ஆண்டுகளில் அவர் கட்டியது 550 டாலர். 2014 டிசம்பரில் இன்னும் 541 டாலர் பாக்கி.

அந்த 25 டாலரைப் பற்றி யோசித்துப் பாருங்கள். கையில் இருந்ததை எடுத்துக்கொண்டு பொறுப்போடு கட்ட வந்தவர் அவர். அந்தப் பொறுப்பை வாங்க மறுத்தது அரசு.

இவ்வளவையும் பற்றிக் கேட்டபோது நகராட்சி அதிகாரிகள் விசாரணைக் குழுவிடம் சொன்ன பதில், ஊரில் ‘சில பிரிவினருக்கு’ தனிமனிதப் பொறுப்பு இல்லை என்பதுதான். அதே அறிக்கையின் வேறு பக்கங்களில், நகராட்சி நீதிபதியும் நீதிமன்ற எழுத்தரும் போலீஸ் மேலதிகாரிகளும் தங்களுக்கு வேண்டியவர்களின் அபராதச் சீட்டுகளை ரத்து செய்து கொடுத்த விவரம் இருக்கிறது. நீதித் துறையே இந்த முரண்பாட்டைச் சுட்டிக்காட்டியது. பொறுப்பு பற்றி அதிகம் பேசியவர்கள்தான் அதை அதிகம் தட்டிக்கழித்தார்கள்.

## உழைக்க அனுமதிச் சீட்டு

1950-களில் அமெரிக்கத் தொழிலாளர்களில் சுமார் 5 சதவீதம் பேருக்குத்தான் மாநில அரசின் தொழில் உரிமம் தேவைப்பட்டது. இன்று நான்கில் ஒருவருக்குத் தேவை. மருத்துவருக்கு லைசென்ஸ் வேண்டும் என்பதில் யாருக்கும் சண்டையில்லை. லூசியானாவில் பூ அலங்காரம் செய்து விற்கவும் பல ஆண்டுகள் லைசென்ஸ் வேண்டியிருந்தது.

நமக்குப் பழக்கமான ஓர் எடுத்துக்காட்டு டெக்சஸில் நடந்தது. நூலை முறுக்கிப் புருவ முடியை எடுக்கும் த்ரெடிங், தெற்காசியப் பெண்கள் அங்கே கொண்டுபோன கைவேலை. ரசாயனம் இல்லை, கத்தி இல்லை, ஒரு நூல் உருண்டை போதும். மாநில உரிமத் துறையோ, இதைச் செய்ய 750 மணி நேர அழகுக்கலைப் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்றது. 2015-இல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. அந்தப் பயிற்சியில் 320 மணி நேரம் வரை இந்த வேலைக்குச் சம்பந்தமே இல்லை என்றது தீர்ப்பு.

லூசியானாவின் செயின்ட் ஜோசப் மடத்துத் துறவிகள் மரச் சவப்பெட்டி செய்து விற்கத் தொடங்கியபோது, ஈமச்சடங்குத் தொழில் வாரியம் தடை போட்டது. வாரியத்தின் ஒன்பது உறுப்பினர்களில் எட்டுப் பேர் அந்தத் தொழிலில் இருப்பவர்கள். போட்டிக் கடை திறக்கலாமா என்று ஏற்கெனவே கடை வைத்திருப்பவர்களிடம் கேட்டால் என்ன பதில் வரும்? துறவிகள் 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்கள்.

நலத் திட்டத்தை நம்பாதே, உழைத்துப் பிழை என்று சொல்லும் அதே மாநில அரசு, உழைக்கும் வாசலில் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறது.

## பிள்ளை வளர்ப்பிலும்

2014 டிசம்பரில் மேரிலாந்தில், பத்து வயதுப் பையனும் ஆறு வயதுத் தங்கையும் வீட்டிலிருந்து ஒரு மைல் தூரத்தில் உள்ள பூங்காவிலிருந்து தனியாக நடந்து வந்தார்கள். போலீஸ் வழிமறித்தது, குழந்தைப் பாதுகாப்புத் துறை பெற்றோர் மீது விசாரணை நடத்தியது. பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை வரட்டும் என்று பெற்றோர் யோசித்தே அனுப்பியிருந்தார்கள். 2018-இல் யூட்டா மாநிலம், வயதுக்கேற்ற முதிர்ச்சி உள்ள பிள்ளைகளைத் தனியே விடுவது அலட்சியம் ஆகாது என்று முதன்முதலாகச் சட்டம் போட்டது. டெக்சஸும் ஓக்லஹோமாவும் பின்தொடர்ந்தன. பிள்ளைகள் தெருவில் நடக்கலாம் என்று சொல்லவே தனிச் சட்டம் தேவைப்பட்டிருக்கிறது.

## ‘தனிமனிதப் பொறுப்பு’ என்ற பெயரிலேயே ஒரு சட்டம்

1996 ஆகஸ்ட் 22 அன்று அதிபர் பில் கிளின்டன் கையெழுத்திட்ட நலத் திட்டச் சீர்திருத்தச் சட்டத்தின் பெயரே ‘தனிமனிதப் பொறுப்பு மற்றும் வேலைவாய்ப்புச் சட்டம்’. ஏழைக் குடும்பங்களுக்கு நேரடியாகக் கிடைத்து வந்த உதவிக்கு வாழ்நாளில் ஐந்து ஆண்டுகள் என்று உச்சவரம்பு வைத்தது, வேலை நிபந்தனை போட்டது. அந்தக் கொள்கையில் நியாயம் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக ஒருவர் அரசின் கையை எதிர்பார்த்து நிற்பது யாருக்கும் நல்லதில்லை.

கவனிக்கப்படாமல் போனது பணம் போன வழி. மத்திய அரசு ஆண்டுக்குச் சுமார் 1,650 கோடி டாலரை மொத்தமாக மாநிலங்களிடம் கொடுத்து, எப்படிச் செலவழிப்பது என்பதைப் பெரும்பாலும் அவற்றிடமே விட்டது. குடும்பங்கள் மீது கெடுபிடி கூடியது, மாநில அதிகாரிகள் மீதான கண்காணிப்பு குறைந்தது.

மிசிசிப்பியில் மூன்று பேர் கொண்ட ஏழைக் குடும்பத்துக்கு மாத உதவி அதிகபட்சம் 170 டாலர் என்றுதான் 2021 வரை இருந்தது. அந்த ஆண்டுகளிலேயே அந்த நிதியிலிருந்து குறைந்தது 7.7 கோடி டாலர் தவறாகச் செலவழிக்கப்பட்டதாகத் தணிக்கை கண்டறிந்தது. அதில் 50 லட்சம் டாலர் ஒரு பல்கலைக்கழகத்தின் கைப்பந்து அரங்கத்துக்குப் போனது. துறையின் முன்னாள் இயக்குநர் 2022-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 170 டாலர் வாங்கிய தாய் ஒவ்வொரு காகிதத்துக்கும் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. கோடிகளைக் கையாண்டவர்களிடம் ஆண்டுக்கணக்கில் யாரும் கணக்குக் கேட்கவில்லை.

தனியார் துறையிலும் இதே சாய்வு உண்டு. ஆக்ஸிகான்டின் வலி மாத்திரை 1996-இல் சந்தைக்கு வந்தது. அதற்கு அடிமையானவர்கள் பெருகியபோது, 2001-இல் அதைத் தயாரித்த பர்டூ நிறுவனத்தின் தலைமையில் இருந்தவர், மாத்திரையைத் தவறாகப் பயன்படுத்துவோர்தான் குற்றவாளிகள், அவர்களை அடிக்க வேண்டும் என்று மின்னஞ்சல் எழுதினார். 2007-இல் நிறுவனமும் மூன்று உயர் அதிகாரிகளும் தவறான தகவல் தந்து விற்றதை ஒப்புக்கொண்டு 60 கோடி டாலருக்கு மேல் கட்டினார்கள். ஒருவரும் சிறைக்குப் போகவில்லை. மாத்திரைக்கு மருத்துவ ஒப்புதல் தரும் பணியைக் கவனித்த அரசு அதிகாரி, பின்னாளில் அதே நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். தலையிட வேண்டிய இடத்தில் அரசு தலையிடாதது இது. அத்துமீறலை எதிர்ப்பவர்கள் பலர் இதைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

## அதிகாரியைக் கேள்வி கேட்க முடியாதா?

சட்டப்படி முடியும். அடிமைமுறை ஒழிந்தபின், 1871-இல் வந்த சட்டம், உரிமையைப் பறித்த அதிகாரி மீது குடிமகன் வழக்குப் போடலாம் என்கிறது. ஆனால் 1967-இல் தொடங்கி 1982-இல் இறுகிய ‘குவாலிஃபைட் இம்யூனிட்டி’ (அதிகாரிகளுக்கு வழக்கிலிருந்து நிபந்தனையோடு கூடிய பாதுகாப்பு) என்ற விதியை உச்ச நீதிமன்றம் உருவாக்கியது. நாடாளுமன்றம் இயற்றியது அல்ல, தீர்ப்புகளில் வளர்ந்தது. அதன்படி, அதிகாரி மீறிய உரிமை ‘தெளிவாக நிலைநாட்டப்பட்ட’ ஒன்றாக இருக்க வேண்டும். நடைமுறையில், ஏறக்குறைய இதே போன்ற சம்பவத்தில் முன்பே ஒரு தீர்ப்பு வந்திருக்க வேண்டும். இல்லையென்றால் வழக்கு தள்ளுபடி.

கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் 2013-இல் ஒரு சோதனை. போலீசார் கொடுத்த பட்டியலில் கைப்பற்றிய தொகை சுமார் 50,000 டாலர். உரிமையாளர்களோ, ரொக்கமும் அரிய நாணயங்களுமாக 2,25,000 டாலருக்கு மேல் போலீசார் எடுத்துக்கொண்டார்கள் என்று வழக்குப் போட்டார்கள். 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், குற்றச்சாட்டு உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், சோதனையில் கைப்பற்றியதைத் திருடுவது, நியாயமற்ற சோதனையையும் பறிமுதலையும் தடுக்கும் நான்காவது திருத்தத்தை மீறுவது என்று முன்பு தெளிவாகத் தீர்ப்பு இல்லை, எனவே போலீசாருக்குப் பாதுகாப்பு உண்டு என்றது. திருடுவது தவறு என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்பதையும் நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. 2020-இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது.

சட்டம் தெரியாது என்று சொல்லிச் சாதாரணக் குடிமகன் தப்ப முடியாது. சட்டத்தைக் காக்கச் சம்பளம் வாங்குபவர் தப்பலாம்.

## அப்படியானால் சமூகம் வீழ்ந்துகொண்டிருக்கிறதா?

எல்லா அளவீடும் ஒரே பக்கம் காட்டவில்லை. வன்முறைக் குற்றங்கள் 1991-இன் உச்சத்தைவிட இன்று மிகக் குறைவு. ஆயுட்காலம் 2014-இல் 78.9 ஆண்டு, 2021-இல் 76.4-க்கு விழுந்து, 2023-இல் 78.4-க்கு ஏறியது. பெருந்தொற்று ஒரு பங்கு, போதைமருந்துச் சாவுகள் ஒரு பங்கு. இவ்வளவு செல்வமுள்ள நாட்டில் ஏறக்குறைய பத்தாண்டு ஆயுள் கூடாமல் நின்றது சாதாரண விஷயமில்லை.

உறுதியாக இறங்கியது நம்பிக்கை. வாஷிங்டன் அரசு பெரும்பாலும் சரியானதைச் செய்யும் என்று 1964-இல் 77 சதவீதம் பேர் நம்பினார்கள். அண்மை ஆண்டுகளில் அது இருபது சதவீதத்தைச் சுற்றியே இருக்கிறது. வியட்நாம் போர், வாட்டர்கேட், ஈராக், 2008 நிதி நெருக்கடி என்று ஒவ்வொன்றும் இதில் சேர்ந்திருக்கிறது. மேலே பார்த்தவை அந்தப் பெரிய நிகழ்வுகளின் உள்ளூர் வடிவங்கள். ஃபெர்குசனில் 16,000 பேர் மீது பிடியாணை நிலுவையில் இருந்தால், வீட்டில் திருடன் புகுந்தாலும் போலீசைக் கூப்பிடப் பலர் அஞ்சுவார்கள். சாட்சி சொல்ல வரமாட்டார்கள். குற்றம் துலங்காது. துலங்காததைக் காட்டிப் போலீஸ் இன்னும் அதிகாரம் கேட்கும்.

1831-இல் சிறைகளை ஆராய பிரான்சிலிருந்து வந்த அலெக்சிஸ் டி டோக்வில், இங்கே எதற்கெடுத்தாலும் மக்கள் தாங்களே கூடிச் சங்கம் அமைத்துக் காரியத்தை முடிக்கிறார்கள் என்று வியந்தார். அந்தப் பழக்கம் உயிரோடு இருக்க, தன் உழைப்பும் வீடும் தன் கையில் இருக்கும் என்ற உறுதி வேண்டும். ஃபோர்ட் டிரம்புல்லில் அந்த ஒன்பது பேரும் தங்கள் பகுதியைக் காக்கக் கூடி நின்றவர்கள்தான்.

## இப்போது எங்கே நிற்கிறது

நியூ லண்டன் தீர்ப்புக்குப் பின் நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் நிலம் எடுக்கும் சட்டத்தைத் திருத்தின. சில உறுதியானவை, சில பெயருக்கு. நியூ மெக்சிகோ 2015-இலும், நெப்ராஸ்கா 2016-இலும், மெய்ன் 2021-இலும் சிவில் பறிமுதலை ஒழித்தன. கொலராடோ 2020-இல், நல்லெண்ணமின்றி நடந்த போலீஸ்காரர் தன் பையிலிருந்து 25,000 டாலர் வரை கட்ட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. இந்த மாற்றங்களில் பல, இரு கட்சிகளும் சேர்ந்து வாக்களித்து வந்தவை.

2024 மே 9 அன்று உச்ச நீதிமன்றம் அலபாமாவில் கார்களைப் பறிகொடுத்த இரண்டு பெண்களின் வழக்கில் தீர்ப்பளித்தது. ஒருவரின் காரை மகனும், மற்றவரின் காரைத் தோழரும் ஓட்டிச் சென்றபோது போதைப்பொருள் பிடிபட்டு, கார்கள் ஓராண்டுக்கு மேல் அரசின் கையில் இருந்தன. காரை உடனே திருப்பித் தரலாமா என்று ஆரம்பத்திலேயே தனி விசாரணை வேண்டும் என்ற கோரிக்கையை 6-க்கு 3 என்று நீதிமன்றம் நிராகரித்தது. மூன்று தாராளவாத நீதிபதிகள் எதிர்த்தார்கள். பெரும்பான்மையோடு நின்ற பழமைவாத நீதிபதிகள் நீல் கோர்சக்கும் கிளாரன்ஸ் தாமஸும் தனியாக எழுதிய கருத்தில், இன்றைய சிவில் பறிமுதல் முறையே அரசியல் சாசனத்தோடு பொருந்துமா என்ற கேள்வியை வேறொரு வழக்கில் எடுக்க வேண்டும் என்றார்கள். ஒன்பது பேரில் ஐந்து பேர், அந்த வேறொரு வழக்கு வரட்டும் என்று காத்திருக்கிறார்கள்.